அன்றைய திருவிருந்து

பிப்ரவரி 9

தம்பிக்கு,

போன தடவை போனில் பேசும்போது பாதியில் யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போய்விட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் என்றால் நீ எழுந்து போனாலும் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து படிக்கலாம்.

குருப்பட்டத்துக்கு மறுபடியும் விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். இது ஏழாவது. முதல் விண்ணப்பம் அனுப்பியபோது நீ இறையியல் கல்லூரியில் சேர்ந்திருக்கவே இல்லை. "பெண்களுக்குக் குருப்பட்டம் அளிப்பது குறித்து நம் லுத்தரன் திருச்சபை இன்னும் முடிவெடுக்கவில்லை" என்று ஆறு தடவையும் ஒரே பதில்தான் வந்தது. தட்டச்சு எந்திரம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, அது ஒன்றுதான் மாற்றம். இந்தத் தடவை முடிவெடுப்பதற்கென்றே ஒன்பது பேர் கொண்ட குழு போட்டு, உன்னையே செயலாளராக வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷப்படுவதா, கூச்சப்படுவதா என்று தெரியவில்லை. மே மாதப் பேரவையில் ஓட்டுக்கு வருமாம். வருகிற ஜனவரியில் எனக்கு ஐம்பது முடிகிறது. ஐம்பதுக்கு மேல் யாருக்கும் புதிதாகக் குருப்பட்டம் கிடையாது என்ற விதி உனக்குத் தெரியும். ஆகவே எட்டாவது விண்ணப்பம் என்று ஒன்று இல்லை.

இங்கே போதகர் மாற்றலாகிப் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. புதுப் போதகர் இதோ வருகிறார், அதோ வருகிறார் என்கிறார்கள். ஞாயிறு ஆராதனை, ஜெபக்கூட்டம், பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் வகுப்பு, ஆஸ்பத்திரி, சாவு வீடு எல்லாம் நான்தான். பிரசங்கமும் நான்தான், ஆனால் பிரசங்க பீடத்தில் ஏறக் கூடாது. கீழே, அறிவிப்பு வாசிக்கிறவர் நிற்கிற இடத்தில் நிற்க வேண்டும். நான் செய்வதற்குப் பிரசங்கம் என்றும் பெயர் இல்லை. சபைச் செயலாளர், அதான் அந்த ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், நோட்டீஸ் பலகையில் 'தியான உரை' என்று எழுதிப் போடுகிறார். தூங்குகிறவர்கள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் தூங்குகிறார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அன்றைக்கு நான் அப்பத்தட்டைத் துடைக்கலாம், பாத்திரத்தைக் கழுவலாம், பலிபீடத்தில் துணி விரிக்கலாம். அப்பத்தையும் ரசத்தையும் எடுத்து ஆண்டவர் சொன்ன அந்த வார்த்தைகளைச் சொல்வதற்கு மட்டும் பட்டம் பெற்றவர் வேண்டும். அதற்காக ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் இரண்டு பஸ் மாறி வருகிறார். எழுபத்தொன்பது வயது. தங்கமான மனுஷர். கண்ணில் புரை விழுந்து புத்தகம் தெரிவதில்லை. ஐம்பது வருஷம் மனப்பாடமாகச் சொன்னவருக்கு இப்போது நடுநடுவே விட்டுப்போகிறது. "நீ என் பக்கத்துலயே நில்லும்மா" என்பார். நான் பலிபீடத்தின் கீழ்ப்படியில் கைத்துணியோடு நின்று, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பேன். நான் சொன்னால் செல்லாது. நான் சொல்லாவிட்டால் அவரால் சொல்ல முடியாது. உன் குழுவில் யாருக்காவது சிரிப்பு வருமா என்று கேட்டுப் பார்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எப்போது? என்னைக் கேட்டாளா?

அக்கா


பிப்ரவரி 21

அக்கா,

எழுந்து போகாமல் படித்தேன். இரண்டு தடவை.

முதலில் அம்மா. ஆபரேஷன் ஜூன் மாதம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உன்னைப் பற்றிக் கேட்டாள். வழக்கமான கேள்விதான்: "அவளுக்கு ஏன் அந்த அங்கி மேல இப்படி ஒரு ஆசை?" நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்குப் பூரா சாப்பிடாமல் இருப்பாள்.

இப்போது குழு. ஒன்பது பேரில் ஐந்து பேர் நம் பக்கம் உறுதி. ஆறாவது ஆள் என்னைப் பார்த்தால் ஆமாம் என்கிறார், எதிர்க்கட்சியைப் பார்த்தாலும் ஆமாம் என்கிறார். சபையில் பெண்கள் பேசக் கூடாது என்று பவுல் எழுதியதைத் தூக்கிப் பிடிக்கிறவர்களைச் சமாளித்துவிடலாம். அதற்கு மேல் இரண்டு மடங்கு எடுத்துச் சொல்ல நம்மிடம் வேதத்தில் இருக்கிறது. வேதத்தையே எடுக்காமல், "ஜனங்க ஏத்துக்க மாட்டாங்க ஐயா, சபை ரெண்டாப் போயிடும்" என்று குரலைத் தாழ்த்திப் பேசுகிறவர்கள்தான் கஷ்டம். அவர்களிடம் வாதாட முடியாது. பயத்துக்கு எதிராக என்ன வசனம் சொல்வது?

ஆனாலும் இவ்வளவு தூரம் வந்தது இதுதான் முதல் தடவை. அதனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. மே வரைக்கும் யாருக்கும் பேச்சுக் கொடுக்காதே. கீழேயே நின்று தியான உரையே செய். அந்தப் பெரியவருக்கு நீ எடுத்துக் கொடுப்பதை என்னிடம் எழுதியதோடு விட்டுவிடு. வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். முடிந்தால் பெரிய எழுத்தில் ஒரு அட்டை எழுதி அவர் முன்னால் வைத்துவிடு.

இருபத்திரண்டு வருஷம் பொறுத்தாய். மூன்று மாதம்.

தம்பி


மார்ச் 6

தம்பி,

நீ சொன்னபடி அட்டை எழுதினேன். காலண்டரைக் கிழித்து, பின்பக்கத்தில், விரல் உயரத்துக்கு எழுத்து. நேற்று காலையில் பெரியவரிடம் காட்டினேன். கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "கறுப்பா என்னமோ தெரியுதும்மா" என்றார்.

நேற்று நடந்ததை நீ வேறு யார் வாயிலிருந்தும் கேட்பதற்கு முன் என்னிடமிருந்து கேட்டுவிடு.

நூற்றுப் பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அவர்களில் தையல்காரம்மாவும் ஒருத்தி. பலிபீடத்துத் துணியெல்லாம் தைத்துக் கொடுத்தவள் என்று சொல்லியிருக்கிறேனே, அவள்தான். சிறுநீரகம் இரண்டும் போய், ஐந்து மாதமாகக் கோயிலுக்கு வரவில்லை. நேற்று கட்டாயம் வர வேண்டும் என்று அடம்பிடித்து வந்திருந்தாள். அவள் புருஷன் லேத் பட்டறை வைத்திருக்கிறவர். மெஷின் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. அவளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

பெரியவர் அப்பத்தை எடுத்து வார்த்தை சொன்னார். தடங்கல் இல்லை. பாத்திரத்தை எடுத்தார். நின்றுவிட்டார். நான் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தேன். பேசாமல் நின்றார். இன்னொரு தடவை கொடுத்தேன். என்னைத் திரும்பிப் பார்த்து, மைக்கில் எல்லாருக்கும் கேட்கும்படி, "எனக்கு வரலம்மா. நீ சொல்லு" என்றார்.

பாத்திரத்தைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார். உன்னை நினைத்தேன், அது உண்மை. மூன்று மாதம் என்று நீ எழுதியதையும் நினைத்தேன். பிறகு, இத்தனை பேரைப் பாதி மேசையில் நிறுத்திவைப்பதா என்று தோன்றியது. நின்ற படியிலிருந்து அசையாமல் சொன்னேன். மெதுவாக இல்லை. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கச் சொன்னேன்.

எல்லாரும் வந்தார்கள். முதல் வரிசையில் முழங்கால் போட்டு வாங்கியவர் ஹெட்மாஸ்டர். தையல்காரம்மாவைப் புருஷன் தாங்கிக்கொண்டு வந்தார். பெரியவர் கொடுத்தார், அவள் வாங்கினாள். வாங்கிவிட்டு என்னைப் பார்த்து, "இன்னைக்குத்தான் எல்லாம் காதுல விழுந்துச்சு" என்றாள்.

தப்பு செய்துவிட்டேனா என்று உன்னிடம் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கா


மார்ச் 19

அக்கா,

புகார் வந்துவிட்டது. மூன்று பக்கம், அழகான கையெழுத்து. பேராயருக்கு ஒன்று, குழுவில் இருக்கிற ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு பிரதி. 'குருப்பட்டம் பெறாத ஒரு பெண் திருவிருந்தை நடத்தினார். சபையார் மனவேதனை அடைந்துள்ளனர்' என்று இருக்கிறது. வேதனைப்பட்டவர் முதல் வரிசையில் முழங்கால் போட்டதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பேராயர் என்னைக் கூப்பிட்டு, "விசாரிச்சு ஒரு அறிக்கை குடுங்க" என்றார். "அவங்க என் கூடப் பிறந்தவங்க ஐயா" என்றேன். "அதனாலதான் சொல்றேன்" என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

ஒரு வழி இருக்கிறது. பெரியவரிடம் போனில் பேசினேன். அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை. "நான்தானே சொன்னேன்? வேற யாரு சொல்லுவா?" என்கிறார். அவர் அப்படியே எழுதிக் கொடுத்துவிடுவார். நீயும் நான்கு வரி எழுதிக் கொடுத்தால் போதும்: போதகர் வார்த்தையைச் சொன்னார், குரல் தாழ்ந்திருந்தது, நீ கூடவே சொன்னாய், மைக் உன் பக்கம் இருந்ததால் உன் குரல் மட்டும் கேட்டது. வாசகம் எழுதி இணைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு. புகார் அதோடு செத்துவிடும்.

பொய்தான். தெரியும். ஆனால் இதனால் யாருக்கு நஷ்டம்? உனக்குப் பின்னால் இறையியல் படித்துவிட்டுப் பதினோரு பெண்கள் காத்திருக்கிறார்கள். அவர்களை நினைத்துப் பார்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பி,

தையல்காரம்மா இறந்துவிட்டாள். அன்றைக்குத் திருவிருந்து வாங்கிப் பதினாறாம் நாள். இருந்த நாளெல்லாம், கோயிலுக்கு வந்துவிட்டேன், வாங்கிவிட்டேன் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அடக்க ஆராதனைக்குப் பக்கத்துச் சபைப் போதகரை அழைத்துவந்தார்கள். அவருக்கு அவள் பெயர் வாயில் வரவில்லை, மாற்றிச் சொன்னார். நான் கூட்டத்தோடு நின்றேன்.

உன் தாளை நான்கு நாள் மேசைமேல் வைத்திருந்தேன். பேனாவையும் எடுத்தேன். முடியவில்லை. நல்லவள் என்பதால் இல்லை, அப்படி நினைத்துக்கொள்ளாதே. நூற்றுப் பதினெட்டுப் பேர் காதால் கேட்டிருக்கிறார்கள். அதில் ஒருத்தி அதைக் கேட்ட சந்தோஷத்தோடு மண்ணுக்குள் போயிருக்கிறாள். நான் சொல்லவே இல்லை என்று எழுதினால் அவளைப் பொய்க்காரி ஆக்குவதாகும்.

நடந்ததை நடந்தபடி எழுதி இணைத்திருக்கிறேன். நம் திருச்சபையில் பிறந்தவனுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை: பலம் வார்த்தையில் இருக்கிறது, அதைச் சொல்கிற வாயில் இல்லை. லுத்தரைப் பற்றி வருஷத்துக்கு ஒரு தடவை மேடை போட்டுப் பேசுகிறோமே, அதில் ஒரு வரியாவது நம்புகிறோமா என்று உன் குழுவில் கேள்.

அக்கா


மே 24

அக்கா,

பேரவை நேற்று முடிந்தது. உன்னிடம் போனில் சொல்ல நா வரவில்லை.

உன் வாக்குமூலத்தைக் குழுவில் வாசித்தேன். வாசித்து முடித்ததும் ஆறாவது ஆள் அந்தப் பக்கம் போனார். ஐந்தாவது ஆளும் போனார். "இப்பவே இப்படின்னா, பட்டம் குடுத்தா என்ன ஆகும்?" என்றார் ஒருவர். அதற்கு முன்தின‌ம் வரை நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர்.

பேரவையில் நானூறு பேர். பெண் பிரதிநிதிகள் இருபத்தாறு. பெண்கள் சங்கத் தலைவி எழுந்து, "எங்கள்ல யாரும் இதைக் கேக்கலீங்க. வீட்டையும் பாத்து, சங்கத்தையும் பாக்குறோம், எங்களுக்கு அது போதும்" என்றார். பெருத்த கைதட்டல். இறையியல் படித்த பெண்கள் ஐந்தாறு பேர் பின்னால் சுவரோரம் நின்றிருந்தார்கள். பிரதிநிதிகள் இல்லை என்பதால் அவர்களுக்குப் பேச அனுமதி இல்லை.

ஓட்டுக்கு விட்டிருந்தால் அடியோடு தோற்றிருப்போம். ஒரு தடவை 'இல்லை' என்று தீர்மானமானால் இருபது வருஷத்துக்கு யாரும் அந்தப் பேச்சை எடுக்க முடியாது. அதனால் அடுத்த பேரவை வரை ஒத்திவைக்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது. நிறைவேறியது. அடுத்த பேரவை மூன்று வருஷம் கழித்து.

அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் நான்.

எனக்குக் கணக்குத் தெரியும் அக்கா. மூன்று வருஷத்தில் உனக்கு என்ன வயது என்று எழுந்து நிற்கும்போது நினைத்தேன். பின்னால் நின்ற பெண்களையும் நினைத்தேன். உன்னைக் கைவிட்டால்தான் அவர்களைக் காப்பாற்றலாம் என்று தோன்றியது. இப்போது எழுதும்போது அவ்வளவு தெளிவாகத் தோன்றவில்லை.

தம்பி


ஜூன் 5

குழுச் செயலாளர் போதகர் அவர்களுக்கு,

தங்கள் கையெழுத்திட்ட சுற்றறிக்கை கிடைத்தது. நேற்று ஆராதனை முடிந்ததும் ஹெட்மாஸ்டர் அதை வாசித்தார். பிரசங்க பீடத்தில் ஏறி நின்று வாசித்தார். அவருக்கும் பட்டம் கிடையாது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

மே 24ஆம் தேதிக் கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதிய தாங்கள், இரண்டாவது தீர்மானத்தைப் பற்றி மட்டும் எழுத மறந்துவிட்டீர்கள். மார்ச் 5 அன்று எங்கள் சபையில் நடந்தது முறையான திருவிருந்து ஆகாது. அன்று பங்குபெற்றவர்கள் பட்டம் பெற்ற போதகரிடம் மீண்டும் பெற்றுக்கொள்ள வேண்டும். இரண்டே வரி. கீழே தங்கள் பெயர்.

இப்படியே எழுதிக்கொண்டு போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. தம்பி, நடந்ததைக் கேள்.

வாசித்து முடித்து எல்லாரும் வெளியே போகும்போது லேத் பட்டறைக்காரர் மட்டும் பெஞ்சில் இருந்தார். காதில் சரியாக விழவில்லை, என்ன வாசித்தார்கள் என்று என்னிடம் கேட்டார். நான் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. என் வாயாலேயே சொன்னேன். அவர் தன் கையைப் பார்த்தார். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் எண்ணெய்க் கறை போகாத கை. பிறகு, "அப்போ அவ வாங்கினது என்னம்மா?" என்றார்.

"திருவிருந்துதாங்க. சந்தேகமே வேண்டாம்" என்றேன். "நீங்க சொல்றீங்க. தாள்ல வேற மாதிரி போட்டிருக்கே" என்றார். "அவ கடைசியா ஆசையா வாங்கினது அதுதாம்மா. அதுக்கப்புறம் சோறுகூட ஒழுங்கா இறங்கல."

எனக்குப் பட்டம் வேண்டாம். விண்ணப்பத்தை வேண்டுமானால் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். நீ அவருக்கு ஒரு கடிதம் எழுது. போதகர் என்று போட்டு, உன் கையெழுத்தோடு, உன் மனைவி வாங்கியது திருவிருந்துதான் என்று இரண்டு வரி. நான் சொன்னால் அது ஆறுதல். நீ சொன்னால் அவருக்கு அது பதில். இந்த வித்தியாசத்தை உண்டாக்கினவர்கள் நீங்கள்தான், அதை ஒரு தடவை நல்லதுக்குப் பயன்படுத்து.

அக்கா


ஜூன் 28

அக்கா,

அம்மாவின் ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எப்படா உனக்கு இவ்வளவு நரைச்சுது?" என்றாள்.

நீ கேட்டதை எப்படிச் செய்வது? நான் கையெழுத்துப் போட்ட தீர்மானத்துக்கு எதிராக நானே கையெழுத்துப் போட்டால், அந்தத் தாள் ஒரு வாரத்தில் பேராயர் மேசைக்கு வந்துவிடும். செப்டம்பரில் மாவட்டத் தலைவர் தேர்தல் இருக்கிறது. நிற்கச் சொல்கிறார்கள். பதவி ஆசை என்று நினைக்காதே. அந்த இடத்தில் இருந்தால்தான் அடுத்த பேரவைக்கு ஏதாவது செய்ய முடியும்.

நேரில் வந்து வாயால் சொல்கிறேன் என்றால் ஒப்புக்கொள்வாரா?

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மார்ச்சில் நான் அனுப்பிய தாளில் நீ கையெழுத்துப் போட்டிருந்தால் இரண்டாவது தீர்மானமே வந்திருக்காது. அந்த மனுஷருக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. உன் உண்மைக்கு விலை கொடுத்தது நீ மட்டும் இல்லை.

தம்பி


ஆகஸ்ட் 21

தம்பி,

நீ கடைசியில் எழுதியது சரி. நீ எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர் கேட்டுவிட்டுப் போன பிறகு, வெறும் கோயிலில் உட்கார்ந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைத் தெரிந்துகொண்டு இனி என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

நேரில் வருகிறேன் என்றாய். ஜூலை போய்விட்டது. ஆகஸ்டும் போகிறது.

புதுப் போதகர் வந்துவிட்டார். இருபத்தாறு வயது, மரியாதையான ஆள். வந்த அன்றே வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். யார் வீட்டில் என்ன நோய், யார் யாரோடு பேசுவதில்லை என்று எல்லாம் எழுதிக்கொண்டார். சாவிக் கொத்தைக் கொடுத்தேன். "நீங்க இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாதும்மா" என்றார். மறுவாரமே நிர்வாகத்திலிருந்து எனக்கு மாற்றல் ஆணை வந்தது. பெண்கள் விடுதிக்குக் காப்பாளர். நவம்பரில் போய்ச் சேர வேண்டும். அதில் அவர் கை இல்லை என்று நம்புகிறேன். ஹெட்மாஸ்டர் பிரிவு உபசாரத்துக்கு மாலை வாங்கச் சொல்லியிருக்கிறாராம்.

இந்த மாதம் முதல் ஞாயிறு, மார்ச்சில் வாங்கினவர்கள் எல்லாரும் மறுபடி வாங்கினார்கள். துணி விரித்தது நான்தான். வரிசையில் வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். எல்லாரும் போன பிறகு நானும் போய் முழங்கால் போட்டேன். ஏன் என்று கேட்காதே. போகாமல் இருந்தால் அதையும் ஒரு புகாராக எழுதுவார்கள் என்ற பயமாகக்கூட இருக்கலாம். இருபத்திரண்டு வருஷத்தில் இதைக்கூடக் கற்றுக்கொள்ளாமலா இருப்பேன்.

லேத் பட்டறைக்காரர் மட்டும் எழுந்திருக்கவில்லை. போதகரே பெஞ்சுக்குப் போய்க் கூப்பிட்டார். "அவளால வர முடியாதே ஐயா. நான் மட்டும் எப்படி ரெண்டாவது தடவை வாங்குறது?" என்றார். அதற்குப் பிறகு அவர் கோயிலுக்கு வரவில்லை. இரண்டு தடவை வீட்டுக்குப் போனேன். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தட்டியது கேட்கவில்லையா, கேட்டும் வரவில்லையா தெரியாது.

அக்கா


அக்டோபர் 14

அக்கா,

இதோடு ஒரு உறை வைத்திருக்கிறேன். லேத் பட்டறைக்காரருக்கு. ஒட்டவில்லை, நீ படிக்கலாம். தேதியைப் பார். ஜூன் 28. உனக்கு முடியாது என்று எழுதிய அதே நாள், அதே மேசையில், அதற்கு அடுத்த தாளில் எழுதினேன். எழுதி இழுப்பறையில் போட்டுவிட்டேன். மூன்றரை மாதம் அங்கேயே கிடந்தது.

தேர்தலில் தோற்றுவிட்டேன். ஒத்திவைப்புக்காக அந்தப் பக்கத்தார் யாரும் எனக்கு ஓட்டுப் போடவில்லை. அதே ஒத்திவைப்புக்காக நம் பக்கத்தாரும் போடவில்லை. இழக்க ஒன்றும் இல்லை என்றானதும்தான் அனுப்புகிறேன் என்று நீ நினைப்பாய். அப்படித்தான். வேறு காரணம் சொல்லலாம் என்று யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அவரிடம் நீயே கொடு.

தம்பி


நவம்பர் 3

தம்பி,

உறையை எடுத்துக்கொண்டு மறுநாளே போனேன். வீடு பூட்டியிருந்தது. மெஷினை யாருக்கோ தள்ளிவிட்டு, செப்டம்பர் கடைசியில் மகள் ஊருக்குப் போய்விட்டார் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். விலாசம் கேட்டு வாங்குவதற்கு இரண்டு வாரம் ஆகிவிட்டது. நேற்று போனேன். பஸ்ஸில் நான்கு மணி நேரம்.

மூன்றாவது மாடி. துணி காயப்போட்டிருந்த பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் டீ கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். என்னைப் பார்த்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். விடுதிக்கு மாற்றல் என்றதும் அந்த வேலையைப் பற்றிக் கேட்டார். பட்டறை இல்லாமல் கை சும்மா இருப்பதுதான் கஷ்டம் என்றார்.

உறையைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். உதடு அசைந்தது. அவள் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, திரும்பப் படித்தார். நல்லவேளை, பெயரைச் சரியாக எழுதியிருந்தாய். பிறகு கையெழுத்தைக் காட்டி, "இவரு யாரும்மா?" என்றார்.

"என் தம்பிங்க" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

"தம்பியா" என்றார். "அக்காவுக்காக எழுதிக் குடுத்திருக்காரு. நல்ல தம்பி."

"அதுக்காக இல்லங்க. அவர் போதகர். அந்தக் குழுவோட செயலாளரா இருந்தவரு" என்றேன். காது கேட்காதவரிடம் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்துப் பால்கனியில் ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

அவர் கையெழுத்தை மறுபடி பார்த்தார். "அப்போ அந்தச் சுத்தறிக்கையில கையெழுத்துப் போட்டவரும் இவருதானே?"

"ஆமாங்க."

"அதுலயும் இவரு. இதுலயும் இவரு." அவர் கோபமாகச் சொல்லவில்லை. மெஷினில் எங்கே தேய்மானம் என்று பார்க்கிறவர்போலத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதைம்மா நான் நம்புறது?"

இறையியலில் எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஜூன் மாதமே சொல்லிவிட்டேன்.

தாளை மடித்து உறையில் போட்டு என் கையில் வைத்தார். "நீங்களே வெச்சுக்குங்கம்மா. இது உங்களுக்குத்தான் வேணும்" என்றார். என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கீழே வரைக்கும் கூடவே வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொன்னார். இங்கே பக்கத்தில் நம் கோயில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். போகிறீர்களா என்று நான் கேட்கவில்லை.

உன்மேல் கோபம் இருக்கிறதா என்று திரும்பி வரும்போது தேடிப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை விடுதியில் சேருகிறேன். நேற்று திரும்பும்போது பஸ் வர ஒரு மணி நேரம் ஆனது. பெஞ்சில் உட்கார்ந்து அவருக்கு நீ எழுதிய கடிதத்தை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய்.

அக்கா